எட்டாவது ஆள் யார்? (கோர்ட்டோரம்: வாசகர் கேள்வி-பதில்)

போன இதழில், 2025 என்.பி.ஏ. ஃபைனல்ஸில் இண்டியானா வீரர் ஹாலிபர்டன் காயப்பட்டு விழுந்ததைப் பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதிவிட்டேன். அதற்கு வந்த கடிதங்களைப் படிக்கவே ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது. எல்லாம் சுற்றிச் சுற்றி இரண்டு விஷயம்தான்: ஒன்று காயம், இன்னொன்று அடுத்தடுத்து இரண்டு கோப்பை. அதனால் இந்த முறை முழுக்க அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்துதான். உள்ளூர் டோர்னமெண்ட் பற்றிக் கேட்டவர்கள் கோபிக்க வேண்டாம், தீபாவளிக்கு அப்புறம் பார்க்கலாம்.

ஜூன் 23 காலையில் நானும் அண்ணனும் ஃபைனல்ஸின் ஏழாவது, கடைசி ஆட்டம் பார்த்தோம். முதல் கால்பகுதியிலேயே இண்டியானாவின் ஹாலிபர்டன் விழுந்ததும், "அவ்வளவுதான், ஓக்லஹோமா தண்டர் ஜெயித்தாச்சு" என்று அண்ணன் எழுந்து குளிக்கப் போய்விட்டான். அவர் விழாமல் இருந்திருந்தால் இண்டியானாதான் ஜெயித்திருக்கும், ஓக்லஹோமாவுக்குக் கிடைத்தது பாதிக் கோப்பை என்கிறான். சரியா?
– கல்லூரி மாணவர், திருப்பூர்

உங்கள் அண்ணன் குளித்துக்கொண்டிருந்தபோதுதான் ஆட்டமே நடந்தது, தம்பி. ஹாலிபர்டன் போன பிறகும் பாதி ஆட்டம் முடியும்போது இண்டியானா 48, ஓக்லஹோமா 47. மூன்றாவது கால்பகுதியில் இண்டியானாவின் டி.ஜே. மெக்கானல் என்ற சின்ன உருவம் தனியாளாகப் 12 புள்ளி போட்டுத் தாக்குப்பிடித்தது. ஆனால் அதே கால்பகுதியில் எதிர்ப்பக்கம் 34 போட்டுவிட்டார்கள். முடிவு 103-91.

அந்த விழுகையை நான் நாலைந்து முறை திரும்பப் பார்த்தேன். ஐந்தாவது ஆட்டத்திலேயே ஹாலிபர்டனுக்கு வலது கெண்டைக்கால் தசை இழுத்துக்கொண்டது. அதோடு ஆறாவது ஆட்டம் ஆடினார், ஏழாவதிலும் இறங்கினார். முதல் ஏழு நிமிடத்தில் மூன்று த்ரீ பாயிண்டர் (தூரத்திலிருந்து எறிந்து போடும் மூன்று புள்ளிக் கூடை), 9 புள்ளி. அப்புறம் பந்தை வாங்கி, வலது காலை ஊன்றி உள்ளே புகப் பார்த்தார். உடம்பு முன்னால் போனது, கால் கூட வரவில்லை. முகம் குப்புற விழுந்து, உள்ளங்கையால் தரையை ஓங்கி ஓங்கி அடித்தார். யாரும் அவரை இடிக்கவில்லை. குதிகால் தசைநார் அறுந்துவிட்டது.

அவர் இருந்திருந்தால் இண்டியானா ஜெயித்திருக்கலாம். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் 'பாதிக் கோப்பை' என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். ஓக்லஹோமாவின் செட் ஹோம்கிரன் அந்த சீசன் தொடங்கிய மூன்றாவது வாரத்திலேயே இடுப்பெலும்பு உடைந்து, 82 ஆட்டத்தில் 32 தான் ஆடினார். ஜேலன் வில்லியம்ஸ் மணிக்கட்டில் தசைநார் கிழிந்த கையோடு ஊசி போட்டுக்கொண்டு பிளேஆஃப் (சீசன் முடிந்ததும் வரும் கோப்பைச் சுற்றுகள்) ஆடினார், ஃபைனல்ஸில் ஒரே ஆட்டத்தில் 40 புள்ளியும் எடுத்தார். அது வெளியே தெரிந்ததே எல்லாம் முடிந்த பிறகுதான். தோற்றவன் நொண்டுவது எல்லோர் கண்ணிலும் படுகிறது. ஜெயித்தவன் வலியைப் பற்றிச் செய்தி வரும்போது நாம் கிரிக்கெட்டுக்குப் போய்விட்டிருப்போம்.

2019 இல எங்கட டொரோண்டோ ராப்டர்ஸ் கோப்பை எடுத்தது. ஆறு வருசம் போயிட்டுது. இப்பவும் வேலையிடத்தில ஒராள் "டுரான்டும் கிளேயும் நல்லா இருந்திருந்தா..." எண்டு துவங்குவார். அவருக்கு என்ன பதில் சொல்லலாம்?
– வாசகி, ஸ்கார்பரோ, கனடா

"நல்லா இருந்திருக்க முடியாது" என்று சொல்லுங்கள் அக்கா. விளையாட்டாகச் சொல்லவில்லை, கணக்கு இருக்கிறது.

2019 இல் டுரான்டும் கிளேயும் ஆடிய, உங்களிடம் தோற்ற கோல்டன் ஸ்டேட் 2015 இலிருந்து 2019 வரை ஐந்து வருடமும் ஃபைனல்ஸுக்குப் போனது. அந்த ஐந்து வருடத்தில் அவர்கள் ஆடிய பிளேஆஃப் ஆட்டங்கள் மட்டும் 105. ஒரு முழு சீசனே 82 தான். ஐந்து வருடச் சம்பளத்துக்கு ஆறு வருடத்துக்கு மேல் உழைத்த உடம்புகள் அவை. 2017, 2018 இரண்டையும் ஜெயித்து மூன்றாவதுக்கு வந்தபோது வரிசையாக உதிர ஆரம்பித்தார்கள். டுரான்டுக்கு மே மாதமே கெண்டைக்கால். லூனிக்கு நெஞ்செலும்புப் பக்கம் முறிவு. கிளே தாம்சனுக்குத் தொடைப் பின்தசை.

உங்கள் ஊர்ப் பக்கம் கவாய் லெனார்ட் என்ன செய்தார்? 82 ஆட்டத்தில் 60 தான் ஆடினார். மீதி 22 ஆட்டம், பெரும்பாலும் ஓய்வுக்காகவே, உட்கார வைத்தார்கள். அப்போது எல்லோரும் கேலி செய்தார்கள், நானும் இந்தப் பத்தியில் ஒரு தடவை செய்திருக்கிறேன். ஜூனில் கால் தாங்கியது அவருக்குத்தான்.

ஐந்தாவது ஆட்டத்தில் டுரான்ட் திரும்பி வந்தது நினைவிருக்கும். 12 நிமிடத்தில் 11 புள்ளி, போட்ட மூன்று த்ரீயும் உள்ளே. இரண்டாவது கால்பகுதியில் பந்தோடு திரும்பும்போது குதிகால் போனது. உங்கள் அரங்கில் ஒரு பகுதி ஜனம் கைதட்டியது. ராப்டர்ஸ் வீரர்களே கையைக் காட்டி அவர்களை அடக்க வேண்டியிருந்தது. அந்த ஒரு நிமிடத்துக்காக வேண்டுமானால் வேலையிடத்து நண்பரிடம் தலைகுனியலாம், கோப்பைக்காக வேண்டாம்.

அடுத்த ஆட்டத்தில் கிளே, 28 புள்ளி எடுத்திருந்த நிலையில், எகிறி இறங்கும்போது இடது முழங்கால் மடங்கியது. உள்ளே தாங்கிக்கொண்டு போனவர்கள் பாதி வழியில் நின்றார்கள். ஃப்ரீ த்ரோ (எதிராளியின் தவறுக்காகக் கிடைக்கும் தடையில்லாத எறிதல்) போடாவிட்டால் விதிப்படி மறுபடி ஆட முடியாது என்று கேட்டதும் மனிதர் திரும்பி நடந்து வந்தார். இரண்டையும் போட்டார். ஏ.சி.எல். தசைநார் கிழிந்த முழங்காலோடு. மறுபடி கோர்ட்டில் இறங்க அவருக்கு 2022 ஜனவரி ஆகிவிட்டது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். டொரோண்டோ ஏன் 2020 இல் ஜெயிக்கவில்லை என்று உங்கள் நண்பர் கேட்பதே இல்லை, பாருங்கள். கோப்பை வாங்கி மூன்றே வாரத்தில் கவாய் கிளிப்பர்ஸ் அணிக்குக் கிளம்பிவிட்டார். எல்லோர் காலும் நன்றாக இருந்தும் அணி உடைந்தது.

2025 பிளேஆஃபில் குதிகால் அறுந்த டேட்டம், லில்லார்ட், ஹாலிபர்டன் மூவரும் ஜீரோ நம்பர் ஜெர்சி. அந்த எண் ராசியில்லாததா?
– வாசகர், கரூர்

மூவரும் ஜீரோ என்பது உண்மைதான், எனக்கும் உடம்பு சிலிர்த்தது. ஆனால் டுரான்ட் அன்று போட்டிருந்தது 35. கோபி பிரையன்டுக்கு 2013 இல் குதிகால் போனபோது 24. எண்ணை மாற்றிப் புண்ணியமில்லை.

1988 முதல் எத்தனையோ அணிகள் அடுத்தடுத்து ஜெயித்தன. 2018 க்குப் பிறகு ஏழு வருடத்தில் ஏழு வெவ்வேறு அணிகள். என்.பி.ஏ. வரலாற்றிலேயே இப்படி நடந்ததில்லையாமே. மறுபடி ஜெயிக்க அப்படி என்னதான் தேவை?
– வங்கி ஊழியர், மதுரை

இந்தக் கேள்விக்காகத்தான் இந்த வாரப் பத்தியே.

என் கட்சியை முதலில் சொல்லிவிடுகிறேன். முதல் கோப்பையை உங்கள் முதல் ஐந்து பேர் ஜெயித்துக் கொடுப்பார்கள். இரண்டாவதை ஜெயிக்க வேண்டியவர் எட்டாவது ஆள். ஏனென்றால் இரண்டு வருடத்தில் யாராவது ஒருவர் விழுவார். யார், எப்போது என்பதுதான் தெரியாது.

1987 முதல் 2002 வரை பதினாறு கோப்பைகள். அதை வாங்கிய அணிகளில் அடுத்த வருடமும் சேர்த்து வாங்காதது ஒன்றே ஒன்று, 1999 இன் சான் அன்டோனியோ. 2000 இல் பிளேஆஃப் தொடங்குவதற்குச் சில நாள் முன்பு டிம் டங்கனுக்கு முழங்கால் ஜவ்வு கிழிந்தது. அவர் இல்லாமல் முதல் சுற்றிலேயே வெளியே போனார்கள். டங்கன் காலத்தில் ஐந்து கோப்பை வாங்கிய அந்த அணி கடைசிவரை அடுத்தடுத்து இரண்டு வாங்கவே இல்லை.

சமீபத்தில் மில்வாக்கியைப் பாருங்கள். 2021 இல் கோப்பை. 2022 இல் முதல் சுற்றில் கிறிஸ் மிடில்டனுக்கு முழங்கால். பாஸ்டனோடு அடுத்த சுற்று, ஆறாவது ஆட்டத்தில் மில்வாக்கியின் யானிஸ் 44 புள்ளி, 20 ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது) எடுத்தும் தோல்வி. ஏழாவது ஆட்டத்தில் மில்வாக்கி போட்ட 33 த்ரீயில் உள்ளே விழுந்தது 4. அன்று அவர்களைச் சாய்த்தது டேட்டம் மட்டுமல்ல. "இவன் போட்டால் போடட்டும்" என்று காவலில்லாமல் விட்டிருந்த கிராண்ட் வில்லியம்ஸ் ஏழு த்ரீ போட்டார். நான் சொல்லும் எட்டாவது ஆள் இவர்தான், என்ன, எதிரணியில் இருந்தார்.

அப்புறம், மறுபடி ஜெயித்தவர்கள் யாரும் அதே அணியாக நிற்கவில்லை. ஹூஸ்டன் 1994 இல் ஜெயித்தது. அடுத்த சீசனில் தடுமாறியது. பிப்ரவரியில், போன வருடம் தோள் கொடுத்த ஓடிஸ் தோர்ப்பைப் போர்ட்லாண்டுக்குக் கொடுத்து, ஹகீம் ஒலாஜுவனின் கல்லூரித் தோழர் கிளைட் டிரெக்ஸ்லரைக் கொண்டுவந்தார்கள். அது சரியா என்று ஊரே சண்டை போட்டது. ஆறாவது இடத்தில் பிளேஆஃபுக்குள் நுழைந்து, நாலு சுற்றிலும் சொந்த அரங்கின் சலுகை இல்லாமலே கோப்பையைத் தூக்கினார்கள். அவ்வளவு கீழிருந்து யாரும் ஜெயித்ததில்லை.

லேக்கர்ஸ் 2009 இல் ஜெயித்த கையோடு டிரெவர் அரீசாவை விட்டு ரான் ஆர்டெஸ்டை எடுத்தது. 2010 ஃபைனல்ஸ் ஏழாவது ஆட்டத்தை இப்போது போட்டுப் பார்த்தால் சிரிப்பு வரும், அவ்வளவு அசிங்கமான ஆட்டம். விரல் உடைந்து சீசன் பாதிக்கு மேல் கட்டோடு ஆடிய கோபி 24 முறை எறிந்து 6 தான் போட்டார். பைனமின் முழங்காலில் நீர் எடுத்துவிட்டு இறக்கியிருந்தார்கள். எதிரணி பாஸ்டனில் பெர்கின்ஸ் முந்தைய ஆட்டத்திலேயே முழங்காலைக் கொடுத்துவிட்டார். இந்த லட்சணத்தில் பாவ் கசோல் 18 ரீபவுண்ட் பிடித்தார், ஆர்டெஸ்ட் 20 புள்ளி போட்டார், 83-79. அழகாக ஆட முடியாத இரவிலும் ஜெயிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று கோச்சுகள் சொல்வது இதைத்தான்.

சரி, இப்போது ஏன் முடியவில்லை? நீங்கள் வங்கிக்காரர், உங்களுக்குச் சட்டென்று புரியும். லீக்கும் வீரர்களும் போட்ட 2023 ஒப்பந்தத்தில் ஓர் அணியின் மொத்தச் சம்பளத்துக்கு இரண்டாவது கோடு ஒன்று போட்டார்கள். 2025-26 சீசனுக்கு அது சுமார் 20 கோடியே 78 லட்சம் டாலர். அதைத் தாண்டினால் அபராத வரி மட்டுமல்ல, கையையே கட்டிவிடுவார்கள். இரண்டு வீரரைச் சேர்த்துக் கொடுத்து ஒரு பெரிய ஆளை வாங்க முடியாது, நடுத்தர விலைக்கு வெளியாளை எடுக்க முடியாது. கோப்பை வாங்கிய அணியில் எல்லோர் விலையும் ஏறும். முதல் மூன்று பேருக்குக் கொடுத்த பிறகு எட்டாவது ஆளுக்குக் காசு இருக்காது. டென்வர் 2023 இல் ஜெயித்தது. புரூஸ் பிரவுனுக்கு அவர்கள் விதிப்படி தரக்கூடியதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இண்டியானா கொடுத்தது, மனிதர் போய்விட்டார். அடுத்த வருடம் சொந்த அரங்கில், ஏழாவது ஆட்டத்தில், 20 புள்ளி முன்னிலையை மினசோட்டாவிடம் கோட்டைவிட்டார்கள்.

பாஸ்டன் 2024 இல் ஜெயித்தது. 2025 மே மாதம் நியூயார்க்கில் டேட்டம் 42 புள்ளி எடுத்திருந்தார், ஆட்டம் முடிய மூன்று நிமிடம்கூட இல்லை. நழுவிய பந்துக்குப் பாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை, சக்கர நாற்காலியில்தான் போனார். அதோடு அந்த வருடம் போனது. ஜூனில் ஹாலிடேயையும் போர்சிங்கிஸையும் கைமாற்றிவிட்டார்கள். ஹார்ஃபோர்ட், லூக் கோர்னெட் வேறு அணிக்குப் போய்விட்டார்கள். ஒரு தசைநார், ஒரு சம்பளக் கோடு. இரண்டும் சேர்ந்து ஒரு நல்ல அணியைச் சில மாதத்திலேயே கலைத்துவிட்டன.

அந்தக் காலத்தில் உடைந்த காலோடு ஆடினார்கள். இப்போதைய பையன்கள் பஞ்சுமிட்டாய். லேசாக வலித்தால் ஓய்வு, மறுநாளும் ஓய்வு. ஒத்துக்கொள்கிறீர்களா?
– ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியர், திருச்சி

ஐயா, ஆடினார்கள். அப்புறம் என்ன ஆனார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பில் வால்டன் 1977 இல் போர்ட்லாண்டுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தார். அடுத்த சீசனில் அணி முதல் 60 ஆட்டத்தில் 50 ஜெயித்திருந்தது. மறுபடியும் அவர்கள்தான் என்று எல்லோரும் முடிவே கட்டிவிட்டார்கள். வால்டனின் பாதம் போனது. மீதி 22 ஆட்டத்தில் 8 தான் ஜெயித்தார்கள். பிளேஆஃபில் வலி தெரியாமலிருக்க ஊசி போட்டு இறக்கினார்கள். அப்புறம் எக்ஸ்ரே எடுத்தால் பாதத்தில் எலும்பு உடைந்திருந்தது. அந்த வருடத்தின் சிறந்த வீரர் விருது அவருக்குத்தான். ஆனால் போர்ட்லாண்ட் ஜெர்சியில் அவர் அப்புறம் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. 1987 இல் பாஸ்டனின் கெவின் மெக்ஹேல் உடைந்த பாதத்தோடு ஃபைனல்ஸ் வரை ஆடினார். அந்தக் கோப்பையும் கிடைக்கவில்லை.

என் கதையும் இருக்கிறது. மாவட்டப் போட்டி, சிமெண்ட் கோர்ட், அரையிறுதியில் ரீபவுண்டுக்கு எகிறி இன்னொருத்தன் கால் மேல் இறங்கினேன். மறுநாள் காலை கணுக்கால் பன்ரொட்டி மாதிரி உப்பியிருந்தது. எங்கள் கோச் கிரேப் பேண்டேஜைச் சுற்றி, மேலே பிளாஸ்டரை இழுத்து ஒட்டி, ஷூவை லேஸ் கட்டாமல் மாட்டிவிட்டார். ஷூவுக்குள் கால் நுழையவே பத்து நிமிடம். ஃபைனல் ஆடினேன், ஜெயித்தோம். அடுத்த வருடம் அதே கோப்பையை நாங்கள் தோற்றபோது நான் ஸ்கோர் டேபிளில் உட்கார்ந்து ஃபவுல் எண்ணிக்கொண்டிருந்தேன். இன்றைக்கும் மாடிப்படி இறங்கும்போது நண்டு மாதிரி பக்கவாட்டில்தான் இறங்குகிறேன். வீட்டில் பேரன் அதை நடித்துக் காட்டுவான்.

உங்கள் பக்கம் ஒரு வாதம் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். 1996, 97, 98 மூன்று சீசனிலும் மைக்கேல் ஜோர்டன் 82 க்கு 82 ஆடினார், மூன்றிலும் கோப்பை. ஆனால் ஜோர்டனை வைத்து விதி எழுதினால் நம் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான். எதிர்ப்பக்கம் சான் அன்டோனியோவின் கோச் பாப்போவிச் 2012 நவம்பரில் மயாமியோடு ஆட்டம் இருக்க, டங்கன் உட்பட நாலு பேரை விமானம் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். இரண்டரை லட்சம் டாலர் அபராதம் கட்டினார்கள். அதே வருடம் ஒரு ஆட்டத்தில் டங்கன் ஆடாததற்கான காரணம் அதிகாரபூர்வ ஸ்கோர் தாளிலேயே 'வயசாகிவிட்டது' என்று போட்டிருந்தது. இப்போது 65 ஆட்டம் ஆடாவிட்டால் பெரிய விருதுகள் கிடையாது என்று விதி வந்துவிட்டது. ஓய்வும் முழு மருந்தில்லை என்பதற்குச் சான் அன்டோனியோவே சாட்சி, மேலே மதுரைக்காரருக்குச் சொன்னேனே.

பத்தாவது படிக்கும் மகள் பள்ளி அணியில் ஆடுகிறாள். கெண்டைக்காலில் ஒரு வாரமாக வலி. "சும்மா பிடிப்புதான், சனிக்கிழமை மேட்ச் ஆடட்டும்" என்கிறார்கள். ஆடலாமா?
– ஒரு தாய், ஈரோடு

வேண்டாம் அம்மா. ஒரு வாரமாகப் போகாத வலியை எலும்பு டாக்டரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ காட்டிவிட்டுத்தான் கோர்ட். நான் டாக்டர் இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு அந்த ஒற்றைக் காலில் நின்று குதிகாலைத் தூக்கச் சொல்லுங்கள். தூக்க முடியாவிட்டாலோ வலித்தாலோ பேச்சுக்கே இடமில்லை. குதிகால் அறுந்தவர்கள் பலரும் ஒன்றையே சொல்வார்கள்: பின்னாலிருந்து யாரோ உதைத்த மாதிரி இருந்தது, திரும்பிப் பார்த்தால் யாருமில்லை. அந்த வயதில் அது அரிது, பயப்பட வேண்டாம். ஆனால் பள்ளிக் கோப்பை அடுத்த வருடமும் வரும்.

ஓக்லஹோமா 2026 இல் மறுபடி ஜெயிக்குமா? ஒரே வார்த்தையில் சொல்லவும். மழுப்பக் கூடாது.
– வாசகர், நாகர்கோவில்

ஜெயிக்கும்.

மழுப்பாமல் சொல்லியாயிற்று, இனி இரண்டு வரிக்கு இடம் கொடுங்கள். ஷேய், ஹோம்கிரன், வில்லியம்ஸ் மூவருக்கும் 2025 கோடையில் நீண்ட ஒப்பந்தம் போட்டாயிற்று. பெரிய தொகைகள் அடுத்த வருடத்திலிருந்துதான் கடிக்கும். அதனால் எட்டாவது ஆள் மட்டுமல்ல, பத்தாவது ஆள்வரை இந்த ஒரு வருடம் கையில் இருக்கிறார்கள். 2025 ஃபைனல்ஸில் அலெக்ஸ் கரூசோ பெஞ்சிலிருந்து வந்து இரண்டு ஆட்டத்தில் தலா 20 போட்டதைப் பார்த்தோமே. வில்லியம்ஸின் மணிக்கட்டில் ஜூலையில் அறுவை செய்தார்கள், அந்தக் கை பழையபடி வர வேண்டும்.

முதல் ஆட்டம் ஹூஸ்டனோடு, 2025 அக்டோபர் 22 காலை நம் நேரம் ஐந்து மணி. எதிரே நிற்கப்போவது 37 வயதில், தைத்த குதிகாலோடு, இன்னும் ஆடிக்கொண்டிருக்கும் அதே கெவின் டுரான்ட். அலாரம் வைத்துவிட்டேன். தீபாவளி இருபதாம் தேதி, முறுக்கு அதுவரை மிஞ்சும் என்று வீட்டில் உத்தரவாதம் தரவில்லை.